ஒரு சேனல், இரண்டு நெட்வொர்க், 4,000 வீடுகள்

அமெரிக்காவில் யார் எந்தத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது நீல்சன் நிறுவனத்தின் வேலை. அதற்காக அந்த நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலிடம் நியூயார்க்குக்கு; அங்கே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே வந்தால், கடைசியில் 210-ஆவது இடத்தில் கிளெண்டைவ் என்றொரு பெயர் இருக்கும். சுமார் 4,000 வீடுகள், அவ்வளவுதான். நம்மூரில் ஒரு பேரூராட்சிக்குள்ளேயே இதைவிட அதிக வீடுகள் இருக்கும்.

கிளெண்டைவ் இருப்பது மொன்டானா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில். கோதுமை, மாடு, ரயில், கொஞ்சம் எண்ணெய்க் கிணறு. ஊரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 5,000-க்குச் சற்றுக் குறைவு. மாநிலத்தின் பெரிய நகரமான பில்லிங்ஸுக்குப் போக 350 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். கிழக்கே பக்கத்து மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். இப்படி எதற்கும் எட்டாத இடத்தில் இருக்கும் ஊருக்கென்று தனியாக ஒரு தொலைக்காட்சி நிலையம் 1957-ல் வந்தது. அதன் அழைப்புப் பெயர் கேஎக்ஸ்ஜிஎன். சேனல் எண் 5.

சின்ன ஊர் நிலையங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ஒன்றின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி எப்படி இயங்குகிறது, பணம் எங்கிருந்து எங்கே போகிறது, சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதெல்லாம் நியூயார்க்கைவிட இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. பெரிய ஊரில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இங்கே ஒவ்வொரு நூலும் தனித்தனியாகத் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டால் மீதி எளிது. நமக்குப் பழகிய தனியார் தொலைக்காட்சி, செயற்கைக்கோள் வழியாக ஒரே இடத்திலிருந்து எல்லா ஊருக்கும் போவது. சன் டிவியைச் சென்னையில் பார்த்தாலும் நாகர்கோவிலில் பார்த்தாலும் அதே நிகழ்ச்சி, அதே செய்திதான். அமெரிக்காவில் சிபிஎஸ், என்பிசி, ஏபிசி என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் இந்த மாதிரியான சேனல்கள் அல்ல. அவை நிகழ்ச்சிகளைத் தயாரித்தும் வாங்கியும் விநியோகிக்கும் நெட்வொர்க்குகள். காற்றில் ஒளிபரப்பும் உரிமத்தை எஃப்சிசி என்ற மத்திய ஆணையம் ஊர் ஊராகத் தனித்தனி நிலையங்களுக்குத்தான் தருகிறது. நெட்வொர்க்குகள் சில பெரிய நகரங்களில் மட்டும் சொந்தமாக நிலையம் வைத்திருக்கும். மற்ற ஊர்களில் வேறு யாரோ நடத்தும் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். ஒப்பந்தம் போட்ட நிலையத்தை அஃபிலியேட் என்பார்கள். தமிழில் இணைப்பு நிலையம் எனலாம். மாலையில் ஊர்ச் செய்தி, உள்ளூர்க் கடை விளம்பரம் எல்லாம் நிலையத்துடையது. இரவு நாடகம், தேசியச் செய்தி, பெரிய விளையாட்டுப் போட்டி நெட்வொர்க்குடையது. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே சேனலில் ஓடுவதால் தையல் தெரியாது.

சரி, இவ்வளவு சின்ன ஊருக்கு எப்படி ஒரு சேனல் கிடைத்தது? அதற்கு 1948-க்குப் போக வேண்டும். போருக்குப் பின் நிலையங்கள் பெருகி, ஒன்றின் அலை இன்னொன்றில் இடிக்க ஆரம்பித்ததும், எஃப்சிசி புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. அந்த இடைவெளியில் நாடு முழுவதற்கும் சேர்த்து 108 நிலையங்கள்தான். தடையை விலக்கியபோது ஆணையம் ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டது. எந்த ஊருக்கு எந்த எண் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக் கொடுத்த அட்டவணை அது. மக்கள் அதிகமாக இருக்கும் இடத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது, முடிந்தவரை ஒவ்வொரு ஊருக்கும் தன் குரல் என்று ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தக் கொள்கை இல்லாவிட்டால் கிளெண்டைவில் டவர் எழுந்திருக்காது. ஊரில் கேஎக்ஸ்ஜிஎன் என்ற பெயரில் வானொலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதே பெயரில் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது.

இணைந்தது சிபிஎஸ்ஸோடு. இங்கே பணத்தின் போக்கைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, அந்தக் காலத்தில் நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. நெட்வொர்க் தன் விளம்பரதாரரிடம், என் நிகழ்ச்சி இத்தனை ஊர்களில் இத்தனை வீடுகளுக்குப் போகிறது என்று காட்டித்தான் விலை பேசும். ஆகவே நிலையத்தின் நேரத்தை அது வாடகைக்கு எடுத்த மாதிரி. வானொலிக் காலத்தில் வந்த இந்தப் பழக்கம் தொலைக்காட்சியிலும் தொடர்ந்தது. பெரிய ஊர் நிலையத்துக்குப் பெரிய தொகை, சின்ன ஊருக்குச் சொற்பம். மிகச் சின்ன ஊர்களை விளம்பரதாரர்கள் பட்டியலில் சேர்க்கவே யோசித்தார்கள். 1950-களின் நடுவில் சிபிஎஸ், இப்படிப்பட்ட சிறு நிலையங்களை ஒரு கட்டாகச் சேர்த்துக் குறைந்த விலையில் விற்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. என்பிசியும் அதே போல ஒன்று செய்தது. தனித்தனியாக வாங்க ஆளில்லாத 4,000 வீடுகளும் 5,000 வீடுகளும் கட்டாகச் சேர்ந்ததும் விலை போயின.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஊரில் நிலையம் ஒன்று. நாட்டில் அப்போது நெட்வொர்க் மூன்று. மற்ற இரண்டு நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை அந்த ஊர்க்காரர் எப்படிப் பார்ப்பார்? இதற்கு அமெரிக்கா முழுவதும் சிறு நிலையங்கள் கண்ட வழி, இரண்டாம் நிலை இணைப்பு. முதன்மை ஒப்பந்தம் ஒருவரோடு. அவர் நிகழ்ச்சி போடாத நேரத்தில் அல்லது நிலையமே தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இன்னொருவரின் நிகழ்ச்சி. ஏபிசியைப் பொறுத்தவரை இதுதான் பல ஊர்களில் கதை. கடைசியாக வளர்ந்த நெட்வொர்க் என்பதால் தனக்கென்று இணைப்பு நிலையம் கிடைக்காமல் மற்றவர் நிலையங்களில் ஓரத்தில் இடம்பிடித்துக் காலம் தள்ளியது. பிறகு ஊரில் இரண்டாவது, மூன்றாவது நிலையம் வந்ததும் எல்லாரும் பிரிந்து தனித்தனியாகப் போய்விட்டார்கள். கிளெண்டைவில் இரண்டாவது நிலையம் வரவேயில்லை. 4,000 வீட்டை நம்பி யார் டவர் கட்டுவார்? அதனால் கேஎக்ஸ்ஜிஎன், சிபிஎஸ் முதன்மை, என்பிசி இரண்டாவது என்ற ஏற்பாட்டில் பல பத்தாண்டுகள் ஓடியது. நாட்டில் பெரும்பாலான இடங்களில் நாளடைவில் பழங்கதையாகிப்போன ஒரு முறை, இங்கே புது நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துப் பார்த்தால் புரியும். 1970 முதல் 1993 வரை அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பிரிவின் ஆட்டங்கள் சிபிஎஸ்ஸில், மறு பிரிவின் ஆட்டங்கள் என்பிசியில். மினசோட்டா வைக்கிங்ஸ் முதல் பிரிவு. டென்வர் பிராங்கோஸ் இரண்டாவது. மொன்டானாவுக்கென்று சொந்த அணி கிடையாது. கிழக்கு மொன்டானாவில் ஒரே தெருவில் இரண்டு அணிக்கும் ரசிகர்கள் உண்டு. இரண்டு ஆட்டமும் ஒரே மதியம், ஒரே நேரம். காற்றில் இருப்பதோ ஒரே சேனல். எதைப் போடுவது என்று முடிவெடுக்கிறவர் நியூயார்க்கில் இல்லை. இதே ஊரில், நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை காபி குடிக்கப் போனால் பக்கத்து மேசையில் இருப்பது, நேற்று ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போன ஆள். ஒரு நெட்வொர்க்கின் அட்டவணையை அப்படியே கடத்திவிடும் நிலையத்துக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. இரண்டு நெட்வொர்க்கைச் சுமந்த நிலையம் ஒவ்வொரு நாளும் ஊருக்காகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: எந்த நாடகத்தை நேரடியாக விடுவது, எதைப் பதிவு செய்து பின்னிரவுக்குத் தள்ளுவது, எதை விட்டே விடுவது. இரண்டாம் நிலை இணைப்பு என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரிதான். நிலையத்தில் அது ஒரு ஆளின் அன்றாட உழைப்பு.

இதைச் சுமப்பதில் நிலையத்துக்கு ஒரு லாபமும் இருந்தது. ஊரில் வேறு யாரும் இல்லாததால், ஆன்டெனா வைத்திருந்த வீட்டுக்கு அதுதான் எல்லாம். ஆனால் 1960-களில் அந்தத் தனியிடத்துக்கு ஆபத்து வந்தது. தெற்கே பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நடந்த ஒரு வழக்கு, இதே மாதிரி ஊர்கள் எல்லாவற்றின் தலையெழுத்தையும் தொட்டது.

ரிவர்ட்டன் என்ற ஊரில் கேடபிள்யூஆர்பி என்று ஒரே ஒரு நிலையம். அந்த வட்டாரக் கேபிள் நிறுவனங்களுக்குத் தூரத்து நகரங்களின் அலையை மைக்ரோவேவ் வழியே கொண்டுவர, கார்ட்டர் மவுண்டன் என்ற நிறுவனம் அனுமதி கேட்டது. கேட்கிறவர்களுக்கு இது நல்ல செய்திதானே? மூன்று நெட்வொர்க்கும் தெளிவாக வீட்டுக்கு வரும். ஆனால் நிலையம் ஆணையத்திடம் போய் நின்றது. அதன் வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி: ஊருக்குள் இருப்பவர்கள் கேபிளுக்குப் போய்விட்டால் என் விளம்பர வருமானம் போகும், நான் மூடுவேன், அப்போது கேபிள் கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கு ஒரு சேனலும் மிஞ்சாது. 1962-ல் எஃப்சிசி இதை ஏற்று அனுமதியை மறுத்தது. உள்ளூர் நிலையத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும், அதன் நிகழ்ச்சியையே தூரத்திலிருந்து கொண்டுவந்து போட்டியாகக் காட்டக் கூடாது, அதற்குச் சம்மதித்தால் திரும்பி வா என்றது. 1963-ல் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது.

இந்த முடிவைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஊர்க்காரர் எதைப் பார்க்கலாம் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் கேபிள் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் வசதிக்காக, கம்பி போகாத வீட்டின் ஒரே சேனலைப் பலிகொடுப்பது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த வழக்கிலிருந்துதான் பிற்பாடு நாடு தழுவிய கேபிள் விதிகள் வளர்ந்தன. ஒரே நெட்வொர்க் நிகழ்ச்சி தூரத்து நிலையம் வழியாகவும் வந்தால், உள்ளூர் நிலையம் கேட்டால் கேபிள்காரர் அதை மறைக்க வேண்டும் என்ற விதி அவற்றில் ஒன்று. பெரிய சந்தைகளில் இந்தப் பாதுகாப்பு 35 மைல் தூரத்துக்கு. சிறு சந்தைகளுக்கு 55 மைல். இணைப்பு ஒப்பந்தம் என்ற காகிதத்துக்கு ஊரில் மதிப்பு வந்தது இந்த விதியால்தான்.

1994-ல் பெரிய நகரங்களில் ஒரு புயலே அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில், நான்காவது நெட்வொர்க்காக வளர்ந்துகொண்டிருந்த ஃபாக்ஸ், சிபிஎஸ்ஸிடமிருந்து கால்பந்து உரிமையைப் பறித்தது. அடுத்து நியூ வேர்ல்ட் என்ற நிறுவனத்தின் 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுத்தது. டெட்ராய்ட்டில் நிலையத்தை இழந்த சிபிஎஸ், வேறு வழியின்றி சேனல் 62 என்ற சிறு நிலையத்தை விலைக்கு வாங்க வேண்டி வந்தது. நாடெங்கும் எண்கள் மாறின, செய்தி வாசிப்பவர்கள் மாறினார்கள், பார்த்தவர்கள் குழம்பினார்கள். கிளெண்டைவில் ஒரு இலைகூட அசையவில்லை. கட்சி மாறுவதற்கு அங்கே இன்னொரு கட்சி இல்லை.

அங்கே உண்மையான மாற்றம் வந்தது 2009-ல். அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதியோடு அமெரிக்காவின் முழுத் திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. முன்பு ஒரு நிகழ்ச்சியை மட்டும் சுமந்த அதே அலைவரிசை அகலத்தில் இப்போது பல ஓடைகளை அனுப்பலாம். பெரிய நகர நிலையங்கள் இந்தக் கூடுதல் இடத்தில் வானிலையும் பழைய படங்களும் போட்டன. சிறு ஊருக்கோ இது வேறு மாதிரி வரம். கேஎக்ஸ்ஜிஎன்னில் 5.1 சிபிஎஸ், 5.2 என்பிசி. பல பத்தாண்டுகள் ஒரே கயிற்றில் இரண்டு பாரம் கட்டி இழுத்தவர்களுக்கு இரண்டாவது கயிறு கிடைத்தது. எதை விடுவது, எதைத் தள்ளுவது என்ற அன்றாடத் தேர்வு அதோடு முடிந்தது.

இதே வழியில் மற்ற ஒற்றை நிலைய ஊர்களும் போயின. ஹியூரான் ஏரிக்கரையில் மிச்சிகன் மாநிலத்தின் அல்பினாவில் 1975-ல் தொடங்கிய டபிள்யூபிகேபி, சிபிஎஸ் நிலையம்தான். பிறகு அதே டவரிலிருந்து ஃபாக்ஸும் ஏபிசியும் வந்தன. வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய மெய்ன் மாநிலத்துப் பிரெஸ்க் ஐல் உருளைக்கிழங்கு விளையும் ஊர். அங்கே டபிள்யூஏஜிஎம் ஒரு காலத்தில் மூன்று நெட்வொர்க்கையும் ஒரே சேனலில் கலந்து போட்ட நிலையம். இப்போது சிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸுக்கும் தனி ஓடை வைத்திருக்கிறது.

ஆன்டெனா வைத்தவர்களின் கதை இப்படி. கூரையில் டிஷ் வைத்தவர்களுக்கு வேறு சிக்கல். செயற்கைக்கோள் நிறுவனங்கள் உள்ளூர் நிலையத்தை உள்ளூருக்கே திருப்பித் தர 1999-ல் சட்டம் அனுமதித்தது. அனுமதித்ததே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. செயற்கைக்கோளில் இடம் காசு. 4,000 வீட்டுக்காக யார் அதை ஒதுக்குவார்? டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் நிறுவனம் 2010-ல் 210 சந்தைகளையும் எட்டியது. அதன் போட்டியாளரான டைரக்டிவி 12 சந்தைகளை விட்டுவைத்தது. கிளெண்டைவ், அல்பினா, பிரெஸ்க் ஐல் மூன்றுமே அந்தப் பன்னிரண்டில் இருந்தன. அங்கே டைரக்டிவி வைத்த வீட்டுக்குத் தூரத்துப் பெருநகர நிலையத்தின் நெட்வொர்க் வரும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எங்கே மழை, எங்கே போக்குவரத்து நெரிசல் என்று தெரியும், தன் ஊர்ச் செய்தி தெரியாது. 2019 டிசம்பரில் வந்த சட்டம்தான் இதை நெருக்கிப் பிடித்தது: தூரத்து நிலையத்தைக் காட்டும் சலுகை, பெரும்பாலும் லாரி, பயண வண்டி போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் 210 சந்தைகளிலும் உள்ளூர் நிலையத்தைத் தருகிற நிறுவனத்துக்கு மட்டும்.

இதற்கிடையே பணத்தின் திசை தலைகீழாகிவிட்டது. 1992-ல் வந்த கேபிள் சட்டம், உள்ளூர் நிலையத்தை எடுத்துக் காட்டும் கேபிள்காரரிடம் நிலையம் கட்டணம் கேட்கலாம் என்றது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து இது பெரிய வருமானமாக வளர்ந்ததும், நெட்வொர்க்குகள் என் நிகழ்ச்சிக்காகத்தானே உனக்கு அந்தக் காசு, எனக்குப் பங்கு கொடு என்றன. முன்பு நிலையத்துக்கு வாடகை கொடுத்தவர், இப்போது நிலையத்திடம் வாங்குகிறார். ஒரு கணக்குக்கு, வீட்டுக்கு மாதம் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் அது மாதம் 1.4 கோடி டாலர். கிளெண்டைவில், எல்லா வீடும் கட்டினால்கூட, 8,000 டாலர். அதிலும் ஆன்டெனாவில் பார்க்கிற வீடு ஒரு காசும் தராது. மிஞ்சியதில் நெட்வொர்க்குக்கும் பங்கு. டவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் ஆகும் செலவு வீட்டுக் கணக்கில் குறைவதில்லை. இந்தக் கணக்கில் ஒரு சிறு நிலையம் எப்படிச் செய்திக்கு ஆள் வைக்கும்?

கிளெண்டைவில் வைத்தது ஒரே ஒருவரைத்தான். பல ஆண்டுகள் அந்த நிலையத்தின் செய்திப் பிரிவு என்றால் ஒரு தனி மனிதர். காமிராவைத் தூக்கிக்கொண்டு போவதும் அவரே, படத்தை வெட்டி ஒட்டுவதும் அவரே, மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பதும் அவரே. மே மாதம் வந்தால் ஊருக்கு வடகிழக்கே இன்டேக் அணைக்கட்டில் துடுப்பு மூக்கு மீன் பிடிக்கக் கூட்டம் கூடும். ஆளுயர மீன்கள். அவற்றின் சினையை ஊர் வணிகச் சங்கம் மீன் பிடித்தவர்களிடமிருந்து நன்கொடையாகப் பெற்று, பதப்படுத்தி விற்று, வரும் பணத்தை வட்டாரப் பணிகளுக்குக் கொடுக்கிறது. கிளெண்டைவ்காரருக்கு அது அந்த ஆண்டின் முக்கியச் செய்திகளில் ஒன்று. வேறு எந்த ஊர் நிலையம் அதற்குக் காமிரா அனுப்பும்?

நெட்வொர்க்குகள் இப்போது தம் நிகழ்ச்சிகளை இணையம் வழியாக நேராகவே வீட்டுக்கு விற்கின்றன. நாடகம் பார்க்க இனி கிளெண்டைவ் வீட்டுக்கு டவர் தேவையில்லை. அதனால் ஒற்றை நிலையங்களுக்குக் காலம் முடிந்தது என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு 2015 ஜனவரி நினைவுக்கு வரும். அந்த மாதம் 17-ஆம் தேதி, ஊருக்குச் சில மைல் மேலே, பனிக்கட்டி மூடிய யெல்லோஸ்டோன் ஆற்றுக்கு அடியில் போன ஒரு எண்ணெய்க் குழாய் உடைந்தது. ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் கசிந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். ஊரின் குடிநீர் அதே ஆற்றிலிருந்துதான். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்தவர்களுக்கு டீசல் மாதிரி நாற்றம் அடித்தது. சோதித்ததில் தண்ணீரில் பென்சீன் இருந்தது. லாரிகளில் பாட்டில் தண்ணீர் வந்து இறங்கியது.

நாட்டின் செய்தியில் அது மொன்டானாவில் ஒரு எண்ணெய்க் கசிவு. ஊருக்குள் கேள்விகள் வேறு. பாட்டில் தண்ணீரை எங்கே கொடுக்கிறார்கள்? பழைய குழாய் நீரில் குளிக்கலாமா? குழாயைத் திறந்து எவ்வளவு நேரம் ஓட விட்டால் வீட்டுக்குள் தேங்கியது வெளியேறும்? குழந்தைக்குப் பால் கலக்க எந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரை எடுக்கலாம்?